பன்னிரண்டரைக்கு ஒன்று

வளைவு வருவதற்குள் மாமனார் கைத்தடியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். வளைவு வந்ததும், யாரும் சொல்லாமலே பின்கதவைத் திறந்தார்.

"இருங்க மாமா! வண்டி இன்னும் நிக்கவே இல்லையே!" என்று ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கத்தினார் மாப்பிள்ளை.

"நிக்கத்தானே போகுது மாப்ளே. நான் முன்கூட்டியே இறங்கிட்டா அதுக்கும் கொஞ்சம் சுமை குறையும்."

ஓடுகிற வண்டியிலிருந்து இறங்குவது ஆபத்துதான். ஆனால் இந்த வண்டி அப்போது ஓடிக்கொண்டிருந்தது என்று சொன்னால் உண்மையிலேயே ஓடுகிற வண்டிகள் கோபித்துக்கொள்ளும். எழுபது வயது மாமனார், மூட்டுவலிக்காரர், ஒரு காலை ஊன்றி, மறு காலை ஊன்றி, தடியை ஊன்றி, கதவையும் பொறுமையாகச் சாத்திவிட்டு நடக்க ஆரம்பித்தார். பத்தடி போவதற்குள் வண்டியைத் தாண்டிவிட்டார்.

வண்டி பெருமூச்சு விட்டு நின்றது. மனைவி இறங்கினாள். மகள் இறங்கினாள். சாலையோரத்தில் தனக்கென்று பார்த்து வைத்திருந்த கல்லைத் தூக்கிவந்து பின்சக்கரத்துக்கு முட்டுக் கொடுத்தாள். அவளுக்கு ஆறு வயது நிறைய இன்னும் மூன்று மாதம் இருந்தது. அதற்குள் இந்த வேலை அத்துப்படி.

பின்னாலிருந்து ஒரு ஹார்ன் நீளமாக அலறியது. மனைவியின் தம்பி. புத்தம்புதுக் கார். கண்ணாடியை இறக்கி, பல் அத்தனையும் தெரிய எட்டிப் பார்த்தான்.

"என்ன மாமா, தள்ளணுமா, இழுக்கணுமா? இல்ல, இங்கேயே அடக்கம் பண்ணிடலாமா?"

ஸ்டியரிங் பிடித்திருந்த இந்த மாமாவுக்கு அலுவலகத்திலும் தெருவிலும் 'தராசு' என்று பெயர். எடை அளவு ஆய்வாளர். கடைகளில் தராசு சரியாக இருக்கிறதா, படிக்கல் சரியாக இருக்கிறதா என்று பார்த்து முத்திரை போடுகிற வேலை. அவர் தெருவில் வருகிறார் என்றால் கடைக்காரர்கள் தாங்களாகவே ஒரு கைப்பிடி கூடப் போடுவார்கள். அதற்கும் திட்டுவார். "கூடப் போட்டாலும் தப்பு தப்புதான்" என்பார். வீட்டில் மருந்து ஊற்றும் ஸ்பூனைக்கூட அளந்து பார்த்த மனிதர். முன் வைத்த காலைப் பின் வைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது.

மேட்டில் நின்றுபோன அந்தப் பழைய கார் அவர் முதல் வேலையில் ஐந்து வருடம் மிச்சம் பிடித்து வாங்கியது. பெண் பார்க்கப் போனது அதில்தான். மனைவியை அழைத்து வந்தது அதில்தான். குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்ததும் அதில்தான். கல்யாணமான புதிதில் இதே மேட்டில் இதே வண்டி மூன்றாவது கியரில் சீறிக்கொண்டு ஏறும். பக்கத்தில் மனைவி கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடியைப் பிடுங்கிவிடுவதுபோலப் பிடித்துக்கொண்டு, "மெதுவா... மெதுவா..." என்று முனகியபடி வருவாள்.

அப்புறம் மகள் வயிற்றில் இருந்த வருடத்திலிருந்து வண்டி கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்துபோனது. திடீரென்று அல்ல. இந்த மாதம் கொஞ்சம், அடுத்த மாதம் கொஞ்சம். "எனக்கு மட்டும் என்ன, குடும்பம்னு வந்துட்டா எல்லாருக்கும் இப்படித்தான்" என்று அப்போது தராசுவும் சிரித்துவிட்டார். ஆறு வருடமாக அதே சோர்வு. மச்சினன் மேட்டின் உச்சியில் வீடு வாங்கிக் குடிபோன பிறகுதான் அது அவமானமாக மாறியது.

அன்று மச்சினன் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் பேச்சு வண்டியைப் பற்றியே சுற்றியது.

"எனக்குத் தெரிஞ்ச பழைய இரும்புக்காரர் ஒருத்தர் இருக்கார் மாமா. வந்து தூக்கிட்டுப் போயிடுவார். தூக்கத்தான் வேணும். ஓட்டிட்டுப் போக முடியாதே!"

தராசு சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். மனைவியைப் பார்த்தார். அவள் கணக்கு டீச்சர். வீட்டிலும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"அவன் சொல்றதுலயும் நியாயம் இருக்குங்க" என்றாள் டீச்சர். "அப்பாவுக்கு மூட்டு வலி. வாராவாரம் பாதி மலையை நடந்தே ஏறுறார். பாப்பா பொறந்தநாளுக்கு இங்கதான் வரப்போறோம். அன்னைக்கு யாருமே இறங்காம வண்டி மேல வந்து சேரணும். ஒருத்தர் இறங்கினாலும் வண்டியைக் குடுத்துடணும். சரியா?"

"சரி" என்றார் தராசு.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் கொட்டகைக்குப் போய் பானெட்டைத் திறந்தார். கார்புரேட்டரைக் கையாலேயே இழுத்துத் திறந்தார். எஞ்சின் கொட்டகை அதிர உறுமியது.

"பார்த்தியா டீச்சர்? மூச்சு நல்லாத்தான் இருக்கு. சாரம்தான் பத்தலை. கம்ப்ரெஷன் ரேஷியோவை ஏத்தணும்."

"அப்படின்னா?"

"சிலிண்டர் நிறைய காத்தும் பெட்ரோலும் உள்ள வருது. பிஸ்டன் மேல வந்து அதை இத்தனூண்டு இடத்துல போட்டு நசுக்குது. நம்ம வண்டி எட்டுக்கு ஒண்ணு. அதாவது எட்டுப் பங்கை ஒரு பங்கு இடத்துல அடைக்குது. எவ்வளவு இறுக்கறோமோ, அவ்வளவு பலமா வெடிக்கும்."

"என் பீரோ மாதிரியா?"

"உன் பீரோ பதினாறுக்கு ஒண்ணு. கதவைத் திறந்தாலே வெடிக்குது."

டீச்சர் கொட்டகை விளக்கை அணைத்துவிட்டுப் போய்விட்டாள்.

ரேஷியோ எவ்வளவு என்பதுதான் கேள்வி. எஞ்சின் வேலை செய்யும் லேத் பட்டறைக்குப் போனார் தராசு. பட்டறை மாஸ்டர் முப்பது வருடமாக எஞ்சின் தலைகளைச் சீவிக்கொண்டிருப்பவர். காதில் எப்போதும் பஞ்சு.

"ஒன்பதரை சார். அதுக்கு மேல போகாதீங்க" என்றார் மாஸ்டர். "சாதா பெட்ரோல் தாங்காது. ரொம்ப இறுக்கினா, தீப்பொறி வர்றதுக்கு முன்னாடியே ஆங்காங்கே தானா வெடிச்சு பிஸ்டன் மண்டையில சுத்தியால அடிக்கிற மாதிரி தட்டும். பிஸ்டன் ஓட்டையாயிடும்."

"பலம் கூடுமா?"

"கூடும். ஆனா ஒண்ணு சார். காத்தை ஊதி உள்ள தள்ளுற மிஷின் எதுவும் இதுல கிடையாது. தானா மூச்சு இழுக்குற எஞ்சின். மூச்சு உள்ள போனாத்தான் நசுக்கறதுக்கே ஏதாச்சும் இருக்கும்."

"அதெல்லாம் போகுது. நானே கையால திறந்து பார்த்துட்டேன்."

எஞ்சின் இறங்கியது. கொட்டகையில் கழற்றிய சாமான்களை வைக்க இடம் இல்லை. மூலையில் மகளுடைய பழைய தொட்டில் கிடந்தது. பிஸ்டன்களைத் துடைத்து, துணியில் சுற்றி, அதில் வரிசையாகப் படுக்க வைத்தார்.

"நாலும் தூங்குதாப்பா?" என்று கேட்டாள் மகள்.

"இந்தத் தொட்டில் இன்னைக்குத்தான் உருப்படியா ஒரு வேலை செய்யுது" என்றார் தராசு. "இதைச் செய்ய அந்தத் தச்சர் எட்டு மாசம் எடுத்துக்கிட்டார். மாசத்துக்கு ஒரு தடவை வருவார். கேட்டா மரம் காயணும்பார். உங்கம்மா காபி குடுத்து அனுப்புவா. எட்டு மாசத்துல நீயே தயாராயிட்டே, தொட்டில் தயாராகலை!"

"நல்ல வேலைக்காரர். திட்டாதீங்க" என்றாள் டீச்சர், நோட்டுத் திருத்திக்கொண்டே.

"நல்ல வேலைக்காரரா? ஒரு நூல், ரெண்டு நூல்னு அளவு சொல்றவர். எட்டு நூல் ஒரு அங்குலமாம். முத்திரை போட முடியுமா அந்த அளவுக்கு?"

எஞ்சின் தலைக்குள், பிஸ்டன் வந்து நசுக்குகிற இடத்தில் இருக்கும் குழிவின் கொள்ளளவை அளக்க மருந்துக்கடையில் பெரிய ஊசிக்குழல் ஒன்று வாங்கிவந்தார். வாங்கியதை முதலில் அலுவலக அளவோடு ஒப்பிட்டுப் பார்த்தார். ஐம்பது மில்லிக்கு அரை மில்லி குறைந்தது. விடுவாரா? மருந்துக்கடைக்கு நோட்டீஸ் போனது. இன்னொரு ஊசிக்குழல் வந்தது. எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு நாலு குழிவையும் மூன்று முறை அளந்தார். அந்தக் குழிவு சிறுக்கும்படி மாஸ்டர் எஞ்சின் தலையைச் சீவிக் கொடுத்தார். ஒன்பதரைக்கு ஒன்று, அச்சுப் பிசகாமல்.

அடுத்த ஞாயிறு. வண்டி சமதரையில் நன்றாகத்தான் போனது. வளைவு வந்தது. தராசு ஆக்ஸிலேட்டரை அழுத்தி மிதித்தார். காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். தட்டவே இல்லை. ஏறவும் இல்லை.

மாமனார் கதவைத் திறந்தார்.

"மாமா, கொஞ்சம் நம்பிக்கை வைங்க!"

"நம்பிக்கை வெச்சுத்தான் மாப்ளே போன தடவையைவிட லேட்டா இறங்குறேன்."

அது நிஜம். தராசு டேப்பை எடுத்துத் தரையில் அளந்தார். பழைய இடத்திலிருந்து மூன்று மீட்டர் முன்னேற்றம். சாலையோரச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு 'ஒன்பதரை' என்று எழுதினார். மச்சினன் ஹார்ன் அடித்துக்கொண்டு தாண்டிப் போனான்.

மறுநாள் காலையே மாஸ்டர் முன்னால் நின்றார்.

"தட்டலையா?" மாஸ்டர் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டுத் திரும்பக் கேட்டார். "மேட்டுல, நாலு பேரோட, ஒன்பதரையில, துளிக்கூடத் தட்டலையா?"

"துளிக்கூட இல்ல. பத்தரை போடுங்க."

பத்தரை போட்டார். ஸ்டார்ட்டர் மோட்டார் முதல்முறையாக முக்கியது. இறுகிய எஞ்சினைச் சுற்ற அதற்குத் தெம்பு போதவில்லை. பெரிய பேட்டரி வாங்கி மாட்டினார். பெரிய பேட்டரி பெரிய கனம். அந்த ஞாயிறு வளைவில் இன்னும் இரண்டு மீட்டர். தட்டல் இல்லை. சுவரில் இன்னொரு கோடு.

டீச்சர் கோடுகளைப் பார்த்தாள். கணக்கு டீச்சர்கள் கோட்டைப் பார்த்தால் சும்மா இருக்க மாட்டார்கள்.

"ஒரு புள்ளி கூட்டினா ரெண்டு மீட்டர். மேடு முடிய இன்னும் பதினேழு மீட்டர். எட்டரைப் புள்ளி வேணும். பத்தரையும் எட்டரையும்... பத்தொன்பது."

தராசு அதை அப்படியே போய் மாஸ்டரிடம் சொன்னார்.

"பத்தொன்பதா! அவ்வளவு இறுக்கறது டீசல் எஞ்சின்தான். அதுக்குப் பேசாம டீசலை ஊத்திக்கலாம் சார்" என்றார் மாஸ்டர். ஆனால் அவர் முகத்தில் கேலி இல்லை, குழப்பம்தான் இருந்தது. "முப்பது வருஷத் தொழில்ல இப்படிப் பார்த்ததில்லை. பத்தரையில இந்தப் பெட்ரோல் தட்டியே ஆகணும். உங்க எஞ்சின்ல என்னவோ இருக்கு."

"எவ்வளவு வரைக்கும் போகலாம்?"

"மண்டை மேடான பிஸ்டன் போட்டா பன்னிரண்டரை. அதுக்கு மேல வால்வு இடிக்கும். ஆனா சார், பன்னிரண்டரைன்னா பந்தயக்காரங்க விஷயம். தனிப் பெட்ரோல் வேணும். முழுசா மிதிச்சீங்கன்னா பிஸ்டன் உடைஞ்சு உங்களைத் தேடிட்டு வெளிய வரும்."

"நான் முழுசாத்தான் மிதிக்கிறேன். ஒண்ணும் வரலை" என்றார் தராசு. அந்த ஒரு கணம் அவருக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அளவெடுத்துச் செய்கிறவனுக்கு எஞ்சினும் கட்டுப்படும் என்று நினைத்தார்.

பிறந்தநாளுக்கு மூன்று வாரம் இருக்கும்போது பன்னிரண்டரைக்கு ஒன்று தயாரானது. சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் ஒரு முனகல் முனகிவிட்டுப் படுத்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலையில் தெருக்காரர்கள் நாலு பேர் சேர்ந்து தள்ளினால்தான் வண்டி கிளம்பும்.

"முன்னாடி ஞாயித்துக்கிழமை மட்டும்தான் தள்ளுவோம்" என்றாள் டீச்சர். "இப்ப வாரம் முழுக்க."

"கிளம்பினதுக்கு அப்புறம் பாரேன்!"

கிளம்பிய பிறகும் அது பழைய வேகத்தில்தான் போனது. மேட்டுப் பரீட்சையைப் பிறந்தநாளுக்கென்று தள்ளி வைத்தார் தராசு. ஆனால் தட்டவில்லை. அந்தச் செய்தி பட்டறையிலிருந்து பட்டறைக்குப் பரவியது. "நம்ம கஸ்டமர் ஒருத்தர் சாதா பெட்ரோல்ல பன்னிரண்டரை ஓட்டுறார்" என்று மாஸ்டர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் பெருமையடித்தார். அதை நம்பி டாக்ஸி டிரைவர் ஒருவர், "எனக்கும் அதே போடுங்க" என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டார். வேண்டாம் என்று சொன்ன மாஸ்டரிடம், "அவருக்குத் தட்டலை, எனக்கு மட்டும் தட்டுமா?" என்று கேட்டாராம். தட்டியது. மூன்றே கிலோமீட்டர்.

டிரைவர் உடைந்த பிஸ்டனைக் கையில் பிடித்துக்கொண்டு நேராகத் தராசு வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார். பின்னாலேயே மாஸ்டரும் ஓடிவந்தார்.

"யாரு சார் நீங்க? பன்னிரண்டரைன்னு ஊரை ஏமாத்துறீங்களா?"

ஏமாற்றுவது! எடை அளவு ஆய்வாளரைப் பார்த்து! தராசுவுக்கு ரத்தம் கொதித்தது. "உட்காருங்க வண்டியில. ரெண்டு பேரும் உட்காருங்க. தெருமுனை பங்க்குல உங்க கண்ணு முன்னாடியே பெட்ரோல் போடுறேன். தட்டுதான்னு நீங்களே கேளுங்க."

"நான் ஓட்டிப் பார்க்கிறேன்" என்றார் டிரைவர்.

"அது மட்டும் நடக்காது. இந்த வண்டியை என்னைத் தவிர வேற யாரும் ஓட்டினதில்லை. என் பெண்டாட்டிகூட ஓட்டினதில்லை."

தெருவே தள்ளியது. வண்டி கிளம்பியது. டிரைவர் முன்சீட்டில் டேஷ்போர்டின்மேல் காதை வைத்துக்கொண்டார். மாஸ்டர் பின்சீட்டில் காதிலிருந்து இரண்டு பஞ்சையும் எடுத்துவிட்டார். பாலத்து ஏற்றத்தில் தராசு காலை அழுத்தி மிதித்தார். கடிகாரம் ஓடுவதுபோல எஞ்சின் சன்னமாக ஓடியது. ஒரு தட்டல் இல்லை.

இறங்கியதும் டிரைவர் வண்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தார். "கை ராசி சார் உங்களுக்கு" என்று சொல்லிவிட்டு உடைந்த பிஸ்டனை எடுத்துக்கொண்டு போனார்.

பிறந்தநாளுக்கு முந்தைய நாள் தராசு மிச்சமிருந்த ஆயுதத்தையும் எடுத்தார். கனத்தைக் குறைப்பது. ஸ்டெப்னி வெளியே வந்தது. ஜாக்கி வெளியே வந்தது. பின்சீட்டு மெத்தையில் பாதி வெளியே வந்தது. மாமனாரை எடை மெஷினில் ஏற்றிப் பார்த்துவிட்டு, "நாளைக்குக் காலையில டிபன் வேண்டாம் மாமா" என்றார். மாமனார் தலையாட்டினார். தரையில் ஒட்டியிருந்த கார்ப்பெட்டையும் உரித்துவிடலாமென்று கை வைத்தார். பக்கத்தில் நின்ற மகள், "வேண்டாம்ப்பா, என் காலு சுடும்" என்றாள். விட்டுவிட்டார்.

மறுநாள் மகள் புதுச்சட்டை போட்டுக்கொண்டு முன்னால் உட்கார்ந்தாள். பின்னால் டீச்சர், மடியில் கேக் டப்பா. அதற்குள் 'ஆறு' என்ற எண் வடிவில் ஒரு மெழுகுவத்தி. பக்கத்தில் மாமனார், வெறும் வயிற்றோடு. தெருக்காரர்கள் தள்ளி வழியனுப்பி வைத்தார்கள்.

போகும்போது டீச்சர் கையை நீட்டி முன்சீட்டின் முதுகைத் தடவிக்கொண்டே வந்தாள். இந்தச் சீட்டில்தான் அவள் கல்யாணமான புதிதில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

"ஏங்க, நான் அன்னைக்கு ஏதோ கோபத்துல சொல்லிட்டேன்..."

"சொன்ன சொல் சொல்தான். முத்திரை குத்தியாச்சு."

வளைவு வந்தது. தராசு மிதித்தார். எட்டு என்று எழுதாத பழைய இடம் போனது. ஒன்பதரைக் கோடு போனது. பத்தரைக் கோடும் போனது. மாமனார் கைத்தடியைக் காலுக்கடியில் தள்ளிவிட்டு, "விடாதீங்க மாப்ளே!" என்று கத்தினார். மகள் சீட்டில் குதித்தாள். இன்னும் ஒரு மீட்டர், இரண்டு, மூன்று, நாலு... ஐந்தாவது மீட்டரில் வண்டி பெருமூச்சு விட்டது. நின்றது. எஞ்சினும் அணைந்தது.

தராசு கைப்பிரேக்கை இழுத்தார். சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் முனகிவிட்டுப் படுத்தது. தள்ளினால்தான் கிளம்பும். தள்ள வேண்டுமென்றால் யாராவது இறங்க வேண்டும்.

மகள் பழக்கதோஷத்தில் கல்லை எடுக்கக் கதவைத் திறந்தாள்.

"இறங்காதே!" என்றார் தராசு. "யாரும் இறங்கக்கூடாது. இறங்கினாத்தானே தோத்தோம்?"

யாரும் இறங்கவில்லை. நாலு பேரும் மேட்டைப் பார்த்தபடி சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் ஹார்ன் கேட்டது. மச்சினன் பலூன் வாங்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தான். இறங்கி வந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தான்.

"அக்கா, என்ன உட்கார்ந்துட்டே இருக்கே? இறங்கு. இரும்புக்காரருக்குப் போன் போட்டுடுறேன்."

"நாங்க சும்மா காத்து வாங்குறோம்டா" என்றார் மாமனார்.

"எத்தனை நேரம்பா?"

"பசிக்கிற வரைக்கும்" என்றார், காலையிலிருந்து சாப்பிடாத மனிதர்.

டீச்சரின் மடியில் கேக் மெல்ல ஒரு பக்கமாகச் சரிந்துகொண்டிருந்தது. அவள் கை கதவுப் பிடியில் போய் நின்றது. தராசு கண்ணாடியில் அதைப் பார்த்தார். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்துவிட்டது. மூன்று மாதம் சொட்டுச் சொட்டாக அளந்தது, சீவியது, இறுக்கியது எல்லாம் இந்த வண்டி கையைவிட்டுப் போகக்கூடாது என்றுதானே? எங்கே தப்பு விட்டோம்? எதை அளக்காமல் விட்டோம்? கால் மட்டும் விடாமல் ஆக்ஸிலேட்டரை அழுத்திக்கொண்டே இருந்தது.

வளைவில் கட்டிக்கொண்டிருந்த வீட்டிலிருந்து ஒருவர் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தார். காதில் பென்சில், தலையெல்லாம் மரத்தூள்.

"அடடே, தராசு சாரா? நான் கதவு வேலையா இங்கதான் இருக்கேன். தள்ளட்டுமா சார்?"

தொட்டில் செய்த தச்சர். தராசு தலையை ஆட்டினார். தச்சர் ஜன்னலில் கை ஊன்றிக் குனிந்தார். தராசுவின் காலைப் பார்த்தார்.

"அதுக்கு மேல அது இறங்காதே சார். அந்தப் பலகையெல்லாம் இன்னுமா எடுக்கலை?"

"எந்தப் பலகை?"

தச்சர் கதவைத் திறந்து கையை உள்ளே விட்டு, ஆக்ஸிலேட்டருக்கு அடியில் கார்ப்பெட்டின் ஓரத்தைத் தூக்கிக் காட்டினார். ஒன்றன்மேல் ஒன்றாக எட்டுப் பலகைத் துண்டுகள், ஓரம் இழைத்து, ஆணி அடித்து, சரியாக ஒரு அங்குல உயரம். வேலை சுத்தம்.

பின்சீட்டில் டீச்சர் சட்டென்று குனிந்து கேக் டப்பாவின் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்ட ஆரம்பித்தாள்.

"மாசமா இருக்கேன், மனுஷன் கண்ணுமண்ணு தெரியாமப் பறக்கிறாரு, அவருக்குத் தெரியாம மாசத்துக்கு ஒரு நூல் பலகையா வெச்சுட்டு வாங்கன்னு டீச்சரம்மாதான் சார் சொன்னாங்க, தொட்டில் சாக்குல எட்டு தடவை வந்து வெச்சேன்" என்றார் தச்சர். "குழந்தை பொறந்ததும் சொல்லி அனுப்புறேன், எடுத்துடலாம்னாங்க. ஆமா, பாப்பாவுக்கு இப்ப என்ன சார் வயசாகுது?"